தார் வேண்டாம் என்று சொன்னவருக்கும் சேர்த்து

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் தெருவில் சாலை வேலை முடிந்து முதல் மழைக்காலமும் கடந்துவிட்டது. வேலை முடிந்த அன்றே இந்த மடலை எழுத நினைத்தேன். ஒரு மழை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தெருவில் பெரியவர்கள் சொன்னார்கள். அது சரிதான். இதற்கு முன்னால் இரண்டு தடவை புதுத் தாரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, மழை விட்டதும் அதே இடத்தில் குழியைச் சுற்றி நின்றவர்கள் நாங்கள். இந்தத் தடவை பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தேன். எப்போதும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் திருப்பத்தில் சாலை ஈரம் காய ஆரம்பித்திருந்தது. ஓரத்தில், வடிகால் மூடியின் இடுக்குக்குக் கீழே, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அப்புறம் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி நோட்டு அக்காவுக்கு. தெருவில் அவரை எல்லோரும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறோம். மூன்று வருடமாக ஒரு கோடு போட்ட நோட்டில் அவர் ஒவ்வொரு குழியையும் எழுதி வந்தார். எந்த வீட்டு வாசலுக்கு நேரே, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், யார் விழுந்தார்கள், என்றைக்கு ஒட்டுப் போட்டார்கள், என்றைக்கு அது பெயர்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மர ஸ்கேலைக் குழிக்குள் நட்டு ஆழம் பார்ப்பார். நோட்டின் ஓரம் மழையில் நனைந்து உப்பியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் "ரோடு மோசம்" என்று வருடக்கணக்கில் மனு கொடுத்தோம். அந்த மனுக்கள் எங்கே போயின என்று தெரியாது. அக்காவின் நோட்டு சொன்னது வேறு விஷயம். தெரு முழுக்கக் குழி என்று நாங்கள் நினைத்தோம். நோட்டைப் புரட்டினால் அதே மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே இடத்தில் ஏழு தடவை ஒட்டுப் போட்டு ஏழு தடவையும் பெயர்ந்திருக்கிறது என்றால், கோளாறு மேலே இருக்கும் தாரில் மட்டும் இருக்க முடியாது. அதை முதலில் புரிந்துகொண்டவர் உதவிப் பொறியாளர்.

ஐயா, அடுத்த நன்றி உங்களுக்கு. கூடவே ஒரு மன்னிப்பும். தெருக்கூட்டத்தில் நீங்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வருடம் உங்கள் தெருவுக்குத் தார் போட வேண்டாம்" என்று சொன்னபோது நாங்கள் பேசிய பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. யாரிடமோ வாங்கிக்கொண்டு பேசுகிறீர்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அப்படி இருந்ததும் தப்புதான்.

நீங்கள் கோபப்படவில்லை. மறுநாள் வந்து, திருப்பத்தில் பெயர்ந்து கிடந்த தார்ச் சில்லு ஒன்றைக் கையால் தூக்கிக் காட்டினீர்கள். அடியில் ஜல்லி இல்லை, சேறுதான் இருந்தது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, அடித்தளம் ஊறுகிறது, மேலே வண்டி போகும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் மண்ணை அரைத்து வெளியே தள்ளுகிறது, உள்ளே வெற்றிடம் விழுகிறது, ஒரு நாள் மேல்தளம் உட்காருகிறது என்று சொன்னீர்கள். அப்புறம் 200 வருடத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்ஆடம் பற்றிச் சொன்னீர்கள். சாலையின் பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண்தான், அந்த மண்ணை நனையவிடாமல் வைத்திருப்பதுதான் சாலை போடுகிறவரின் முதல் வேலை என்பது அவர் கட்சி. 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பு கைக்கு வந்ததும் அவர் சாலையைச் சுற்றியிருக்கும் நிலத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, 6 அவுன்ஸுக்கு (சுமார் 170 கிராம்) மேல் எடை இல்லாத உடைகற்களை மட்டும் பரப்பினார் என்றீர்கள். எங்கள் தெருவுக்கு வாட்டமும் இல்லை, தண்ணீர் போக வழியும் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலைதான் உயர்ந்தது, வீடுகள் பள்ளத்துக்குப் போயின. வடிகால் வரும்வரை போடுகிற தார் எல்லாம் வீண் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அந்த நாட்களில் உங்களைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தெருவின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

வடிகால் என்று முடிவானதும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி வந்தது. இங்கேதான் கணக்கு ஐயாவைச் சொல்ல வேண்டும். கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர். நகராட்சி பட்ஜெட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தார். புதுச் சாலைக்கு ஒரு தலைப்பில் பணம் இருந்தது. பராமரிப்புத் தலைப்பில் ஒதுக்கியது வருடத்தின் பாதிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. வடிகால் வேறொரு பிரிவின் கையில். தண்ணீர்க் குழாய் இன்னொரு பிரிவு. ஒரே தெருவின் ஒரே பள்ளத்துக்கு நான்கு கோப்புகள். புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. விரிசலை அடைத்ததற்கும் வடிகாலைத் தூர் வாரியதற்கும் யாரும் மேடை போடுவதில்லை. அதனால் பராமரிப்புக்குப் பணம் கேட்டு மன்றத்தில் எழுந்து நிற்க ஆள் இருப்பதில்லை. இது எங்கள் மன்றத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று ஐயா உலக வங்கியின் 1988ஆம் வருட ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினார். வளரும் நாடுகள் 85இல், அதற்கு முந்தைய இருபது வருடத்தில், பராமரிக்காமல் விட்டதால் பாழான சாலைகளின் மதிப்பு சுமார் 4,500 கோடி டாலர். நேரத்தில் பராமரித்திருந்தால் 1,200 கோடி டாலருக்குள் முடிந்திருக்கும். அந்த இரண்டு எண்களையும் அவர் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, மன்றக் கூட்டத்துக்கு வந்த எல்லோர் கண்ணிலும் படும்படி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாலைக்கு யார் செலவு செய்வது என்ற சண்டை எவ்வளவு பழையது என்பதையும் அவர்தான் சொன்னார். இங்கிலாந்தில் 1555ஆம் வருடச் சட்டப்படி ஊர்க்காரர்கள் வருடத்தில் நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டியிருந்ததாம். பிரான்சில் 1776இல் அமைச்சர் துர்கோ அப்படிப்பட்ட கட்டாய வேலையை ஒழித்து, நிலம் உள்ளவர்கள் வரி கட்டட்டும் என்றபோது, வசதியானவர்களின் எதிர்ப்பில் அவர் பதவியே போனது, சட்டமும் சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. 1919இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சாலைக்காக முதன்முதலில் பெட்ரோலுக்கு வரி போட்டது. இதையெல்லாம் கேட்ட பிறகு, எங்கள் மன்றத்தில் நடந்த வாக்குவாதத்தை என்னால் பொறுமையோடு பார்க்க முடிந்தது.

எங்கள் வார்டு உறுப்பினருக்கு நன்றி. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு லேயர் தார் போட்டுவிட்டால் ஓட்டுக் கேட்டு வருவது சுலபமாக இருந்திருக்கும். நாங்களும் அதைத்தான் அவரிடம் கேட்டோம். அவர் பொறியாளர் பக்கம் நின்று, சாலை அதே நிலையில் இருக்க, எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து ஓட்டுக் கேட்டார். அந்த நடைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இப்போது புரிகிறது.

எதிரணி உறுப்பினருக்கும் அதே அளவு நன்றி. "உங்கள் தெருவுக்கு எடுத்தால் என் வார்டில் எந்த வேலை நிற்கும்? அதை எழுத்தில் சொல்லுங்கள்" என்று அவர் விடாமல் கேட்டார். அன்று எங்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. அந்தக் கேள்வியால்தான் எல்லாத் தெருக்களின் நிலையையும் பொறியியல் பிரிவு மதிப்பெண் போட்டுப் பட்டியலாக ஒட்டியது. பட்டியலைப் பார்த்தபோது எங்களைவிட மோசமான தெரு ஒன்று இருப்பது தெரிந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஆறு தெருக்களில் விரிசலை இப்போதே அடைக்காவிட்டால் அவையும் இரண்டு வருடத்தில் எங்கள் கதிக்கு வரும் என்பதும் தெரிந்தது. கடைசியில் பராமரிப்புக்கு ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதியில் புது வேலை என்று இரண்டு அணியும் சேர்ந்து தீர்மானம் போட்டன. எங்கள் தெரு இரண்டாவதாக வந்தது. சரியான இடம் அதுதான்.

மேல்தெருக்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தண்ணீர் தேங்கியது எங்கள் வாசலில், வடிகால் போக வேண்டியது உங்கள் வாசல் வழியாக. படிக்கட்டை உடைக்க வேண்டும், வண்டி ஏற்றும் சரிவை எடுக்க வேண்டும். முதலில் முடியாது என்று சொன்ன பெரியவரிடம் நான் போய்ப் பேசினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "போன தடவை குழாய்க்குத் தோண்டி நாலு மாசம் மூடாமல் போட்டார்கள் தம்பி. வீட்டம்மா அதில் விழுந்து இடுப்பு எலும்பு போனது. எனக்கு வடிகால் மேல் கோபமில்லை." அவர் கேட்ட நிபந்தனை, காலையில் தோண்டியதைச் சாயங்காலத்துக்குள் மூட வேண்டும் என்பது. பொறியாளர் அதை அப்படியே டெண்டர் நிபந்தனையில் சேர்த்தார். வேலை நடந்த நாட்களில் பெரியவர் தினமும் ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்று பார்ப்பார். ஒரு நாளும் திறந்து கிடக்கவில்லை.

குழாய்ப் பிரிவுக்காரர்களும் பழைய இணைப்புகளைத் தார் போடுவதற்கு முன்பே மாற்றிக் கொடுத்தார்கள். போட்ட மாதமே தோண்டுகிற கொடுமை இந்தத் தடவை இல்லை. குறுக்கு வழி என்று எங்கள் தெருவில் வந்துகொண்டிருந்த மணல் லாரிகளின் உரிமையாளர்கள் கேட்டதும் பெரிய சாலைக்கு மாறினார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டி ஓட்டிச் சாலையைச் சோதித்ததில், அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் சுமார் பதினாறு மடங்காகிறது என்று கண்டார்களாம். இதைக் காட்டியதும் அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

தார் போட்ட அந்த இரண்டு நாளை நான் மறக்கவே மாட்டேன். அடித்தளத்துத் தூசியைப் பெருக்கி எடுத்த அக்காமார்கள், கொதிக்கும் கலவையை வாரிக்கொண்டு இழுத்துச் சமன் செய்த தம்பிகள், ரோலர் ஓட்டிய அண்ணன். உங்கள் செருப்புக்கு அடியில் தார் உருகி ஒட்டியிருந்தது. சூடு ஆறுவதற்குள் இறுக்கிவிட வேண்டும், ஆறிய கலவையை எத்தனை தடவை ரோலர் விட்டாலும் பிடிக்காது என்று ரோலர் அண்ணன் சொன்னார். இரண்டாம் நாள் ஒரு லோடு வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தது. மேற்பார்வையாளர் வெப்பமானியைக் கலவைக்குள் குத்திப் பார்த்துவிட்டு, அந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்பினார். நஷ்டம் என்று தெரிந்தும் ஒப்பந்ததாரர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் நன்றி.

போன வாரம் திருப்பத்தில் ஒரு சாண் நீளத்துக்கு முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. நோட்டு அக்கா ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டார். ஒப்பந்ததாரரே பழுது பார்த்துத் தர வேண்டிய பொறுப்புக்காலம் இன்னும் முடியவில்லை என்பதால் ஒப்பந்ததாரருக்கும் பொறியியல் பிரிவுக்கும் தகவல் போனது. இரண்டே நாளில் ஒரு தம்பி சின்ன வாளியில் சுடுதாரோடு வந்தார். விரிசலை ஊதிச் சுத்தம் செய்து, தாரை ஊற்றி, மேலே மணல் தூவி, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினார். அக்கா அவரை நிறுத்தி, நோட்டில் தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். தார் படிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் போட்ட கையெழுத்து அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

நன்றியுடன்,
தெருக்காரர்கள் எல்லோர் சார்பிலும்