அஞ்சு நூல் பின், ஏழு நூல் புஷ்

இண்டியானாபொலிஸ், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா, மறக்காமல் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "அந்தப் பழைய வண்டியை ஏம்மா கட்டிக்கிட்டு மாரடிக்கிறே, தள்ளிவிட்டுட்டுப் போ" என்றீர்கள். அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போனை வைத்தபிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப்போகிறேன், அதனால் முழுக்கப் படியுங்கள்.

வண்டியை நீங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். மோட்டார்ஹோம் என்பார்கள். முன்பாதி ஃபோர்டு வேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. ஓட்டுநர் தலைக்குமேல் பரண்போல ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அது உங்கள் பேத்தியின் இடம், வேறு யாரும் ஏறக்கூடாது. இந்த ஊருக்கு வந்த முதல் இரண்டு வருடம் எனக்கு வீடும் வேலையும் தவிர எதுவும் தெரியாது. இந்த வண்டி வந்தபிறகுதான் இது எவ்வளவு பெரிய நாடு என்று கண்ணால் பார்த்தேன். சோளக்காட்டு நடுவே நிறுத்தித் தூங்கியிருக்கிறோம், மிச்சிகன் ஏரிக்கரையில் விடிந்திருக்கிறோம். அதை எப்படியப்பா தள்ளிவிடுவது?

ஆனால் உதிரி பாகம் கிடைப்பது பெரும்பாடு. ஏனென்றால் மோட்டார்ஹோம் என்பது ஒரு கம்பெனி செய்த வண்டி இல்லை. எஞ்சினும், சேஸி என்கிற அடிச்சட்டமும் ஒரு கம்பெனி. அதன்மேல் வீட்டைக் கட்டியது இன்னொரு கம்பெனி. அந்த வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் ஒருவர், ஹீட்டர் ஒருவர், ஜன்னல் ஒருவர், படிக்கட்டு ஒருவர். எங்கள் வண்டியின் வீட்டைக் கட்டியவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் கையை விரிக்கிறார்கள்.

முதல் அடியே எனக்கு விழுந்தது முன்விளக்கைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில். அது விரிசல் விட்டுவிட்டது. பதிவுப் புத்தகத்தில் 1992 என்று இருக்கிறது. நானும் 1992 என்று சொல்லித் தபாலில் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்து வைத்துப் பார்த்தால் எங்கள் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்புறம்தான் சேஸி எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தேன். 1981 முதல் இங்கே விற்கும் வண்டிகளுக்கு 17 இலக்கத்தில் ஒரு எண் உண்டு. அதில் பத்தாவது எழுத்து மாடல் வருடம். என் வண்டியில் அந்த இடத்தில் 'எம்' இருந்தது. எம் என்றால் 1991. வேன் 1991-இல் பிறந்து, அதன்மேல் வீடு கட்டி முடித்து விற்கும்போது 1992 என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடம்தானே என்று நினைக்க முடியாது. 1975-இலிருந்து வந்த அந்த வேனை முகம் உட்பட ஃபோர்டு புதிதாக வடிவமைத்ததே 1992 மாடலில்தான். என்னுடையது பழைய முகத்தின் கடைசி வருடம். அன்றிலிருந்து எஞ்சின், பிரேக், கதவு என்று வேன் சமாசாரம் எதுவானாலும் 1991 என்றே கேட்கிறேன். அதெல்லாம் ஊரெங்கும் கிடைக்கிறது. 460 கன அங்குல எஞ்சின், எத்தனையோ லாரிகளில் போட்டது. எந்த மெக்கானிக்கும் பயப்படாமல் கை வைக்கிறார்.

திண்டாட்டம் எல்லாம் வீட்டுப் பக்கம்தான். அங்கே எனக்கு உதவியது நீங்கள் லேத் பட்டறையில் பேசிய பேச்சு. யாராவது உடைந்த பேரிங்கைக் கொண்டுவந்து "இந்த மோட்டாருக்கு வேணும்" என்று கேட்டால், நீங்கள் மோட்டார் எது என்றே கேட்கமாட்டீர்கள். துணியால் துடைத்து, விளிம்பில் என்ன எண் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். 6203 என்று இருந்தால் உள்ளே 17 மில்லிமீட்டர், வெளியே 40, கனம் 12, முடிந்தது கதை. உலகத்தில் எங்கே வாங்கினாலும் அதேதான். நான் இப்போது அதையேதான் செய்கிறேன்.

பின்பக்க விளக்கைக் கேளுங்கள். சிவப்புக் கண்ணாடி உடைந்து மழைத்தண்ணீர் உள்ளே நின்றது. அதைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். விளிம்பில் பொடி எழுத்தாக எஸ்.ஏ.இ என்று, இங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கத்தின் பெயரைப் போட்டு, பக்கத்தில் சில எழுத்துகள், அப்புறம் ஒரு எண். எழுத்துகள் அந்த விளக்கு என்ன வேலை செய்யும் என்பதற்கு: எஸ் என்றால் பிரேக், டி என்றால் பின்விளக்கு, ஐ என்றால் திரும்பும் சிக்னல். எண்தான் செய்தவர் அந்த விளக்குக்கு வைத்த மாடல் எண். மோட்டார்ஹோம் என்ற பேச்சையே எடுக்காமல், லாரிச் சாமான் விற்கும் கடையில் அந்த எண்ணைக் காட்டினேன். அலமாரியிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார்! லாரி டிரெயிலருக்குப் போடும் அதே விளக்கு. வீடு கட்டியவர்கள் விளக்கைத் தாங்களே செய்யவில்லை, கிடைத்ததை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வரும்வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது, உங்களை நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜன்னல் ரப்பரும் அப்படித்தான். நீளம் முக்கியமில்லை, வெட்டுமுகம்தான் முக்கியம். பழைய ரப்பரில் ஒரு துண்டை பிளேடால் குறுக்கே நறுக்கி, அந்த முகத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, உயரமும் அகலமும் குறித்து அனுப்பினேன். ஒருவர் படத்தைப் பார்த்தே சரியானதை எடுத்து அனுப்பிவிட்டார். பக்கவாட்டுக் கண்ணாடியில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டஃபன்டு கண்ணாடியைச் செய்தபிறகு வெட்டவே முடியாது, பொடிப்பொடியாகிவிடும். அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்தால், முதலில் அந்த அளவுக்கு வெட்டி, பிறகுதான் சூட்டில் வைத்து உறுதியாக்குகிறார்கள்.

தண்ணீர்க் குழாய் சாம்பல் நிறம். பாலிபியூட்டிலீன் என்று ஒரு பிளாஸ்டிக். 1990-களின் நடுவில் அந்தக் குழாய் வழக்கொழிந்தது, இணைப்புகளில் ஒழுகல் அதிகம். அதற்கு ஏற்ற இணைப்பைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். தேடவே வேண்டியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது வரும் பெக்ஸ் குழாயும் வெளிவிட்டத்தில் அதே அளவு. இரண்டையும் சேர்க்கும் மாற்று இணைப்பும் உண்டு. உங்கள் மாப்பிள்ளை இரண்டு சனிக்கிழமையில் மொத்தக் குழாயையும் மாற்றிவிட்டார்.

ஃபிரிட்ஜ் கதை பெரிய கதை. இதில் கம்ப்ரசரே கிடையாது அப்பா. கேஸ் சுடரை வைத்துக் குளிரூட்டுகிறார்கள்! அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் குழாய்க்குள் அடைத்து, கீழே சூடு காட்டினால் அது தானே சுற்றிச் சுற்றி வருகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 1922-இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள், பிளாட்டனும் முண்டர்ஸும், கண்டுபிடித்தது. வண்டி சமமாக நின்றால்தான் வேலை செய்யும். சாய்ந்து நின்றால் திரவம் ஓட்டம் நின்று சூடேறிக் கெட்டுவிடும். எங்களுடையதில் பர்னர் பக்கத்தில் மஞ்சளாகப் பொடி படிந்து, மூக்கைத் துளைக்கும் நெடி. குழாய் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். புது ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்றால் பழைய பொந்துக்குள் நுழையவில்லை. சுவரை அறுக்க எனக்கு மனசில்லை.

அதற்காகத்தான் எல்கார்ட் போனோம். இங்கிருந்து வடக்கே மூன்று மணி நேரம். இந்த நாட்டு மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். சாலையோரமாகக் குதிரை வண்டி போகிறது. ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவச் சமூகத்தார், கார் வைத்துக்கொள்ளமாட்டார்கள், வீட்டுக்கு மின்கம்பி இழுக்கமாட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் இந்த மோட்டார்ஹோம் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்கிறார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் கேஸ் ஃபிரிட்ஜ்தானே வைக்க முடியும்? அதனால் அதன் நாடி அவர்களுக்கு அத்துப்படி. பழைய ஃபிரிட்ஜின் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னாலிருக்கும் குளிரூட்டும் குழாய்த்தொகுதியை மட்டும் புதிதாகச் செய்து தருகிறார்கள். எங்களுக்குச் செய்து தந்தவர் தாடி வைத்த பெரியவர். பேச்சு குறைவு. பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நீங்களும் கடைந்து முடித்ததும் அப்படித்தான் கட்டைவிரலால் தடவுவீர்கள்.

எல்கார்ட்டில் தொழிற்சாலைகளில் மிஞ்சிய சாமான்களை மலைபோலக் குவித்து விற்கும் கடைகளும் இருக்கின்றன. கைப்பிடி, பூட்டு, கீல், விளக்கு என்று தொட்டி தொட்டியாக. நான் ஒரு பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். உங்கள் பேத்தி எனக்கு உதவியாளர். உடைந்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகப் பொருத்திப் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்து "அம்மா, இதோ!" என்று கத்தினாள். ஆணித் துளைகளின் இடைவெளிகூட மாறவில்லை.

அடிபட்ட வண்டிகளை நிறுத்தியிருக்கும் காயலான் கடைகளும் உண்டு. அங்கே போக எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஆசையாக வைத்த திரைச்சீலை அப்படியே தொங்கும், பிள்ளைகள் ஒட்டிய படம் சுவரில் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுவேன்.

எங்களுக்கு வண்டியை விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாவியோடு ஒரு தடித்த காகிதப் பையும் கொடுத்தார். ஹீட்டர், அடுப்பு, படிக்கட்டு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள், முப்பது வருடமாக ஒன்றும் தொலைக்காமல். அன்று அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. இன்று வண்டியைவிட அந்தப் பையைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகம் இருந்தும் தீராத ஒன்றுக்குத்தான் இப்போது உங்களிடம் வருகிறேன்.

வண்டிக்குள் ஏற மடக்குப் படி ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்தால் சின்ன மோட்டார் அதை வெளியே தள்ளும். அதன் மூட்டில் நான்கு புஷ், பின்னைச் சுற்றி உட்காரும் சின்னக் குழாய்கள். பனிக்காலத்தில் இங்கே சாலையில் உப்புப் போடுகிறார்கள். அது ஏறி ஏறி எல்லாம் துருப்பிடித்து, புஷ் தேய்ந்து, படியில் கால் வைத்தால் ஒரு பக்கம் தொங்குகிறது. போன மாதம் உங்கள் பேத்தி இறங்கும்போது சறுக்கி முட்டியில் அடி. பெரிய காயம் இல்லை, பயப்படாதீர்கள். புத்தகத்தில் பாக எண் இருக்கிறது. ஆனால் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முழுப் படியையும் மாற்றச் சொல்கிறார்கள், புதுப் படியின் துளைகள் எங்கள் சட்டத்தில் பொருந்தவில்லை.

நீங்கள் ஏர்போர்ட்டில் என் பையில் வைத்தீர்களே, அந்த வெர்னியரால் அளந்தேன். வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர். உள்விட்டம் தேயாத ஓரத்தில் 15.9. நீளம் 25.4. முதலில் இது என்ன கோணல் எண் என்று விழித்தேன். பிறகு தலையில் தட்டிக்கொண்டேன். இந்த நாடு இன்னும் அங்குலத்தில்தானே ஓடுகிறது! அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். வெளியே ஏழு நூல், உள்ளே அஞ்சு நூல், நீளம் ஒரு அங்குலம். பட்டறையில் நீங்கள் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்த அதே கணக்கு, உலகத்தின் இந்தக் கோடியில் ஒரு படிக்கட்டுக்குள் இருக்கிறது. கையில் அந்தப் புஷ்ஷை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் அப்பா.

சரி, கேள்விகள். புஷ் பழையது நைலான் மாதிரி இருக்கிறது. பித்தளையில் கடைந்தால் உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா, இல்லை வெண்கலம்தான் நல்லதா? கிரீஸ் நிற்க உள்ளே காடி வெட்ட வேண்டுமா? பின்னும் தேய்ந்திருக்கிறது, நடுவில் 15.5 காட்டுகிறது. புஷ்ஷைப் பின்னின் அளவுக்கு இறுக்கிக் கடைவதா, பின்னையும் புதிதாகப் போட்டுவிடுவதா? பின்னையும் செய்வதென்றால் அதன் முழு நீளம் 98, ஒரு முனையில் கிளிப் உட்கார 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு காடி. படம் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையின் தம்பி அடுத்த மாதம் அங்கே வருகிறார். தேய்ந்த புஷ் ஒன்றையும் பின்னையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் திரும்பும்போது வாங்கிவந்துவிடுவார். நாலு போதும், முடிந்தால் எட்டாகச் செய்யுங்கள். இதே வண்டி வைத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் படி தொங்குகிறதாம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு லேத்தில் நில்லுங்கள். அம்மா திட்டாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்