பாதயாத்திரைக்குப் பெயர் கொடுத்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி மாத மகா சிவராத்திரியை ஒட்டித் திருவண்ணாமலைக்கு நடந்து செல்ல, பெங்களூரு அல்சூர் பகுதியில் கார்த்திகை மாதமான இப்போதே பெயர் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அந்த வழியில் இரண்டு முறை புறப்பட்டு, முதல் முறை பாதியில் பேருந்து ஏறித் திரும்பியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பல பௌர்ணமிகளில் சுற்றி வந்தவர்கள், எட்டு நாள் நடையையும் அந்தக் கணக்கிலேயே எண்ணிவிடுகிறார்கள். கிரிவலம் முடிந்த மறுநாள் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். பாதயாத்திரையிலோ விடியற்காலை நான்கு மணிக்கு, வீக்கம் வடியாத காலை மறுபடியும் ஷூவுக்குள் நுழைத்து இன்னொரு 25 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். ஆகவே, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 20 கிலோமீட்டர் நடந்து திருப்தி அடைவதைவிட, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 15 கிலோமீட்டர், அதுவும் யாத்திரைக்கு எடுத்துச் செல்லும் அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து பார்ப்பதே உண்மையான பயிற்சி. உடம்பில் எங்கே வலிக்கும், பையில் எதை எடுத்து வெளியே வைக்கலாம் என்பதெல்லாம் அந்த இரண்டாம் நாளில்தான் தெரியவரும்.

முதல் முறை நான் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு புது ஷூ வாங்கினேன். ஓசூர் தாண்டும்போதே குதிகாலில் எரிச்சல் இருந்தது. சாமி காரியம், தாங்கிக்கொள்ளலாம் என்று நடந்தேன். மத்தூர் அருகே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றியபோது, குதிகால் தோல் சாக்ஸோடு உரிந்து வந்தது. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. எரிச்சல் தொடங்கிய இடத்திலேயே நின்று ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் செங்கம் வரையாவது போயிருப்பேன். நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். பயிற்சி நடையிலேயே அது காலுக்குப் பழகியிருக்கவும் வேண்டும்.

பெங்களூருவாசிகள் மறந்துவிடுவது வெயிலை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலை நகரம் 200 மீட்டருக்கும் தாழ்வு. கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். லால்பாக்கின் அதிகாலைக் குளிரில் மட்டும் நடந்து பழகியவர்களை ஊத்தங்கரை வெயில் ஒரே பகலில் சாய்த்துவிடும். உடல் வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், கடைசி இரண்டு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் நேரத்திலும் நடந்து பார்க்க வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. வியர்வையில் உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருக்கட்டும்.

இரவு தங்க மண்டபமோ சத்திரமோ கிடைக்குமா என்பதை முன்னதாகவே ஒருவர் நேரில் போய்ப் பேசி வர வேண்டும். நடைபாதை இல்லாத சாலைகளில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாகவே நடக்க வேண்டும்.

குழு நடத்தும் பெரியவர்கள் பனியனுக்கும் அன்னதானத்துக்கும் பணம் வசூலிக்கும்போதே பயிற்சி நடைக்கான தேதிகளையும் அறிவித்து, வருகிற சனிக்கிழமையிலிருந்தே தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.