752 மடங்கு: போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம்

இராஜபாளையம்
14.9.2025, ஞாயிறு

அன்புள்ள போஸ்ட்மாஸ்டருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். போன வாரம்தான் முக்கால் மணி நேரம் போனில் பேசினோம். ஆனால் நீ கடைசியில் கேட்டதற்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "மூத்தவன் தபால் ஆபீஸ் பணத்தை எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்றான், போடவா?" என்றாய். கூடவே, "பெரிய தலைங்க எல்லாம் கோடி கோடியா அள்ளிக்கிட்டுப் போறான், நம்ம காசை ஏன் அங்க கொண்டுபோய்க் கொட்டணும்" என்றும் சொன்னாய். பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு மூளை ஓடும் என்பது உனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. இவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் மாறுகிறது, வலி மாறவில்லை. பேத்தி சென்னையிலிருந்து இரண்டு நாள் வந்திருக்கிறாள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய நாளைதான் கடைசி நாள் என்று லேப்டாப்பும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். வருடத்துக்கு 3.6 லட்சம் சம்பளத்தில் சேர்ந்த பிள்ளை, நான்கு வருடத்தில் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது. அவளுடைய கம்பெனித் தலைவருடைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "தாத்தா, அதெல்லாம் கேட்டா வேலை செய்ய மனசு வராது" என்றாள்.

நான் வேறொரு கம்பெனியின் கணக்கைப் பார்த்துவிட்டேன். என்னிடம் இன்ஃபோசிஸ் பங்கு 40 இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கை ஜூன் மாதமே மெயிலில் வந்தது. (ஆதியில் வாங்கியவன் இல்லையப்பா நான். 1993இல் அவர்கள் 95 ரூபாய்க்குப் பங்கு விற்றபோது கேட்பாரில்லாமல் கிடந்தது. அந்தச் சமயத்தில் நான் மாதம் மூன்று வட்டி தருகிறேன் என்ற ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் பணத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பெயர் இப்போது எதற்கு? 1997இல் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பூட்டு. வைப்புதாரர்களைக் காப்பாற்றத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்ததும் அதே வருடம்தான். எனக்குத் திரும்பி வந்தது காலே அரைக்கால்.)

ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் இருக்கிறது, பேத்தியிடம் சொல்லி அச்செடுத்து வைத்திருக்கிறேன். தலைமை அதிகாரியின் சம்பளம், எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற ஊழியரின் சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு என்று ஒவ்வொரு லிஸ்டட் கம்பெனியும் சொல்லியாக வேண்டும். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. 2024-25இல் இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரி சலில் பரேக் பெற்றது 80.62 கோடி. நடு ஊழியருக்கு ஏறத்தாழ 10.7 லட்சம். 752 மடங்கு!

நம் மில்லில் நான் பேரேடு எழுதிய காலத்தில், மேனேஜர் சம்பளம் வைண்டிங்கில் நிற்கிற பெண்ணின் சம்பளத்தைப்போல் ஏழெட்டு மடங்குக்கு மேல் போனதில்லை. இதை உன்னிடம் பெருமையாகச் சொல்ல வந்துவிட்டு, அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏனென்றால் அதே பேரேட்டில் முதலாளி வீட்டுக் கார், டிரைவர், சமையல்காரர், கொடைக்கானல் பயணம், மகள் கல்யாணப் பந்தல்வரை மில் செலவாக எழுதியதும் என் கைதான். முதலாளிக்குச் சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. மடங்கு பார்த்தால் பூஜ்யம்தான் வரும்.

அதனால் அந்த 80 கோடியைக் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு பிரித்துப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 7.45 கோடி. வேலையின் பலனைப் பார்த்துக் கொடுக்கிற தொகை 23 கோடிச் சொச்சம். ஓய்வுக்கால வகையில் அரைக்கோடி. மீதி 49.5 கோடி, கம்பெனிப் பங்காகக் கொடுத்ததன் மதிப்பு. பாதிக்கு மேல் பங்கு! பங்கு விலை ஏறினால் அவருக்கும் ஏறும், எனக்கும் ஏறும் என்பது அதில் உள்ள நியாயம். என் நாற்பதுக்கு அந்த வருடம் பங்குக்கு 43 ரூபாய் வீதம் 1,720 ரூபாய் டிவிடெண்ட் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்பாய்.

சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. ஒரு நிர்வாக இயக்குநருக்கு நிகர லாபத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டுமானால் பங்குதாரர்களின் தனி ஒப்புதல் வேண்டும். இன்ஃபோசிஸின் லாபம் சுமார் 26,700 கோடி. அதில் 5 சதவீதம் ஆயிரம் கோடியைத் தாண்டிப் போகும். மாடு மேயும் இடத்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு தாலுகாவே கிடக்கிறது.

சரி, இப்போது வரிக்கு வருகிறேன். இங்கேதான் நான் உன்னோடு மாறுபடுகிறேன். அந்த 80 கோடி முழுக்கச் சம்பளமாக வந்தது என்பதால் வரியும் முழுக்க விழும். புதிய முறையில் மேல்படியின் 30 சதவீதம், அந்த வரித்தொகையின் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ் என்கிற கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீதம் செஸ். கூட்டினால் 39 சதவீதம். 80.62 கோடிக்குச் சுமார் 31 கோடி. பங்காகக் கொடுத்ததும் இதில் சேர்த்திதான், தப்பிக்க வழியில்லை. 2023 பட்ஜெட்டுக்கு முன்னால் இதே படிக்கு 42.74 சதவீதம் இருந்தது. சர்சார்ஜை 37இலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். இந்த அளவு வருமானம் உள்ள ஒருவருக்கு அந்த ஒரு வரித் திருத்தத்தில் வருடத்துக்கு மூன்று கோடி மிச்சம். அது எனக்கு உறுத்துகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் 31 கோடி கட்டுகிறவரைப் பார்த்து நான் பல்லைக் கடிக்கவில்லை.

இன்னொருவரைக் கற்பனை செய்துகொள். கம்பெனியே அவருடையது. பங்குகள் பல வருடமாகக் கையில் இருக்கின்றன. கொஞ்சம் விற்கிறார், அதே 80 கோடி லாபம். அதற்கு வரி 12.5 சதவீதம். சர்சார்ஜ் இங்கே 15க்கு மேல் போகாது என்று கட்டிவைத்திருக்கிறார்கள். செஸ் சேர்த்தால் 14.95. சுமார் 12 கோடியோடு முடிந்தது. நம் ஊரில் ஒரு கல்லூரி ஆசிரியை, வருடத்துக்குப் பதினெட்டு லட்சம் வருமானம் என்று வை. மகளின் படிப்புக்காக வங்கியில் எஃப்டி போட்டிருக்கிறார். இந்த வருடப் படிகளின்படி அந்த வட்டியின் மேல் ரூபாய்க்கு அவர் கட்டுவது 20.8 சதவீதம். எஃப்டி போட்ட டீச்சருக்கு 20.8, பங்கு விற்ற பெரியவருக்கு 14.95. இதற்கு எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது?

நீ உடனே சண்டைக்கு வருவாய். "கம்பெனி ஏற்கெனவே லாபத்தில் வரி கட்டிவிட்டதே?" கட்டியதுதான். 2019 செப்டம்பரில் குறைத்த பிறகு பெரிய கம்பெனிகளுக்கு எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம். ஆனால் அதே வரி கட்டிய லாபத்திலிருந்து வருகிற டிவிடெண்டுக்கு 2020 முதல் வாங்குகிறவரின் படியில் வரி போடுகிறார்களே, அங்கே இந்த நியாயம் எங்கே போனது? பங்கில் துணிந்து இறங்குகிறவனுக்குச் சலுகை வேண்டும் என்பதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி எனக்கு இறங்கவில்லை.

இன்னும் மேலே போனால் விற்கவே தேவையில்லை. விற்காதவரை வரியில்லை. செத்தால் பிள்ளைக்குப் போகும், அதற்கும் வரியில்லை. 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டியை 1985இல் எடுத்துவிட்டார்கள், வசூலிக்கிற செலவுக்கே கட்டவில்லை என்று. பணக்காரர்களின் சொத்து மதிப்பின் மேல் செல்வ வரி (வெல்த் டாக்ஸ்) என்று இருந்ததை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். முகேஷ் அம்பானி 2020-21 முதல் ரிலையன்ஸில் சம்பளமே எடுப்பதில்லை. அதைப் பெருந்தன்மை என்று பத்திரிகையில் எழுதினார்கள். இருக்கட்டும். அந்த உயரத்தில் சம்பளம் என்பது ஒரு பொருட்டே இல்லை, பங்கும் டிவிடெண்டும்தான் விஷயம் என்று எனக்குத் தோன்றியது. 752 மடங்கு என்று நாம் வாயைப் பிளப்பது சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறவரைப் பார்த்து. பட்டியலிலேயே இல்லாதவர்களை அந்த மடங்கு அளப்பதில்லை.

அதற்காகப் பழைய காலத்துக்குப் போகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பி.காம் இரண்டாம் வருடத்தில் வரி வகுப்பு எடுத்தவர் போர்டில் 97.75 என்று எழுதிவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? 1973-74இல் மேல்படி வரி அது. நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய் மிச்சம். நீ கைதட்டினாய். நானும்தான். அப்புறம் மில்லுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் வரிக்குக் காட்டாத இரண்டாம் நம்பர் நோட்டு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன்.

நம் இருவர் கதையையும் பார். இந்த வருடம் முதல் 12 லட்சம் வரை வரியில்லை என்பதால் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வங்கியில் டிடிஎஸ் பிடிக்காமலிருக்க 15எச் படிவம் கொடுத்தால் போதும். அதில் நாம் சமம். மற்றதில்? உனக்கு அரசு பென்ஷன், அகவிலைப்படியோடு. எனக்கு பிஎஃப் பென்ஷன் மாதம் 2,300 சொச்சம். 2014இல் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள், இன்றுவரை அதே ஆயிரம்தான். பொறாமையில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையும்தான்.

இந்த வித்தியாசம்தான் நீ கேட்டதற்கு என் பதிலும். உன்னுடைய பென்ஷன் விலைவாசியோடு நடக்கிறது. அதனால் உன் பணத்தில் ஒரு பகுதி பத்து வருடம் தொடாமல் கிடக்க முடியும். என்னால் முடியாது. ஆனாலும் மூத்தோர் சேமிப்பில் போட்டிருக்கிற 30 லட்சத்தை எடுக்காதே. 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வருகிறது. இரண்டு வருடம் தாண்டிய பிறகு நடுவில் முடித்தாலும் அசலில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். இதையெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கே சொன்னவன் நீ, உனக்கு நான் சொல்கிறேன் பார்! மாதாமாதம் பென்ஷனில் மிச்சமாகிறதே, அதில் ஐயாயிரமோ பத்தாயிரமோ எஸ்ஐபியாக, அதாவது மாதத் தவணையாக, ஃபண்டுக்குப் போகட்டும். ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியலான நிஃப்டியை அப்படியே பின்பற்றுகிற ஃபண்ட் போதும். மூத்தவன் சொல்வதில் பாதி சரி என்று அவனிடம் சொல்.

"நம்ம காசை ஏன் அங்க கொட்டணும்" என்றாயே, அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. 2015 முதல் பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகிறது. நம் ஊர் மில்லில் நூல் சுற்றுகிற பெண்ணின் பிடித்தத்திலும் இன்ஃபோசிஸ் இருக்கிறது. எஸ்ஐபியாக மட்டும் போன வருடம் அக்டோபரில் ஒரே மாதத்தில் 25,000 கோடிக்கு மேல் போயிருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஓட்டு உண்டு. 2021இல் ஐஷர் மோட்டார்ஸில் என்ன நடந்தது தெரியுமா? ஒரகடத்தில் புல்லட் செய்கிறார்களே, அந்த ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி. நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் சேர்ந்த தீர்மானத்துக்கு 75 சதவீத ஓட்டு வேண்டும், கிடைக்கவில்லை. ஃபண்டுகளும் மற்ற பெரிய முதலீட்டாளர்களும் சம்மதிக்கவில்லை. அப்புறம் லாபத்தில் 3 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை 1.5ஆக இறக்கிய பிறகுதான் மறுபடி கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானத்துக்கும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், எப்படிப் போட்டார்கள் என்றும் வெளியிட வேண்டும். மூத்தவனிடம் சொல்லி நீ போடப்போகிற ஃபண்டின் பட்டியலை எடுத்துப் பார். உன் பெயரில் யாரோ கைதூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இளையவன் விஷயம். பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற ஆப்ஷன்ஸில் விட்டதை ஆப்ஷன்ஸில்தான் பிடிப்பேன் என்கிறானாமே. பங்குச் சந்தையை மேற்பார்க்கிற செபி போன செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருடத்தில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். திட்டாதே. திட்டினால் மறைப்பான். நான் ஃபைனான்ஸ் கம்பெனியில் விட்டதை இவளிடம் எட்டு மாதம் மறைத்தவன், அதனால் சொல்கிறேன்.

இவள் இன்னும் நகைச்சீட்டுதான் கட்டுகிறாள், பதினோரு மாதம். ஏன் பதினோரு மாதம் என்று கேட்டாள். வருடத்தைத் தாண்டினால் சட்டத்தில் அது டெபாசிட் ஆகிவிடும், கடைக்காரருக்குத் தலைவலி என்றேன். "தங்கம் வந்தாச் சரி" என்று போய்விட்டாள். இதுவரை என் முதலீடுகளைவிட அவளுடையதுதான் நன்றாக வளர்ந்திருக்கிறது, அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் இங்கே வா. காலை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பாஸ்புக், பாலிசி எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வா. நாமினி இடத்தில் இன்னும் மதினி பெயர்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் எத்தனை பேருக்கு நீ சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தாய். படிவத்தை நான் நிரப்பிவிடுகிறேன். நீ கையெழுத்து மட்டும் போடு.

உன்,
கணக்குப்பிள்ளை