மூத்தாரைப் போய்ப் பார்க்கவேண்டும், சாந்தி

அன்புள்ள சாந்தி,

உன் மெயிலை ராத்திரி இவருக்கும் படித்துக் காட்டினேன். சின்னவளுக்கு ஐப்பசியில் கல்யாணம் என்றதும் இவர் உடனே லீவு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கட்டாயம் வருகிறோம். கும்பகோணத்தில் மழை பிடித்துக்கொள்ளும் மாதமாயிற்றே, மண்டபத்தில் பந்திக்கு நல்ல இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

"டாக்டர் இல்லாமல் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்கிறாராமே, ஏடாகூடமாகிவிட்டால் என்னடி செய்வாய்?" என்று கேட்டிருந்தாய். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கும் முதலில் கை நடுங்கியது. இப்போது என் பயமெல்லாம் ஊசி கையில் இல்லாத நேரத்தைப் பற்றித்தான்.

இவருக்கு இருப்பது ஹெரிடிட்டரி ஆஞ்சியோஎடிமா என்ற பரம்பரை வீக்க வியாதி. இவர் உடம்பில் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு. அதனால் திடீர் திடீரென்று பிராடிகைனின் என்ற பொருள் அதிகமாகி, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, கையோ முகமோ குடலோ வீங்கிவிடும். அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது. அலர்ஜி என்று நினைத்து அவில், ஸ்டீராய்டு, அட்ரினலின் எது கொடுத்தாலும் கேட்காது. சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வருமாம். ஆஸ்லர் என்ற டாக்டர் 1888-லேயே ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக இது தொடர்வதை எழுதிவைத்திருக்கிறார். நம் வீட்டில் என்ன சொன்னார்கள்? மாமனார் பல் பிடுங்கிக்கொண்டு வந்த ராத்திரி தொண்டை அடைத்துப் போனதை இன்றைக்கும் செய்வினை என்கிறார்கள். பல் பிடுங்கினால் இந்த வீக்கம் கிளம்பும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. இவருக்கும் ஹாஸ்டலில் இருந்தபோது தாங்கமுடியாத வயிற்றுவலி வந்து, அப்பெண்டிக்ஸ் என்று அறுத்துவிட்டார்கள். வீங்கியிருந்தது குடல். லண்டன் வந்த பிறகுதான் சி4 என்ற இன்னொரு புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் ஒருவழியாக வியாதியின் பெயர் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். பெண்ணுக்கு இல்லை, பையனுக்கு இருக்கிறது.

அந்த ஊசிக்கு இக்காடிபான்ட் என்று பெயர். வீக்கம் வந்த பிறகு போடுவது. மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே வரும், பெரியவர்களுக்கு 30 மில்லிகிராம். தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, பக்கவாட்டில், தோலை மடித்துப் பிடித்துக்கொண்டு போடவேண்டும். பழைய தழும்பின் பக்கத்தில் போகக்கூடாது. அறுவை சிகிச்சைத் தழும்பு வலப்பக்கம் இருப்பதால் இவர் இடப்பக்கம்தான் போட்டுக்கொள்வார். மருந்து 3 மில்லி. தோலுக்கடியில் அது கொஞ்சம் அதிகம்தான், அதனால் குறைந்தது முப்பது வினாடி மெதுவாக அழுத்தவேண்டும். நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன், அவசரப்பட்டால் அதட்டுவேன். போட்ட இடம் சிவந்து, தடித்து, எரியும், பிறகு தானே அடங்கிவிடும். சில சமயம் தலை சுற்றும் என்பதால் அன்று கார் சாவி என் கையில். ஒன்றில் அடங்காவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் கூடாது. ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் செய்யச்சொல்லி, சரியாகச் செய்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். இதய நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் பேசாமல் இதைத் தொடக்கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

இதெல்லாம் கைப்பழக்கம். எப்போது போடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டையே. விலை கூடின மருந்து அல்லவா, இவருக்கு அதைச் செலவழிக்க மனசு வராது. "கைதானே வீங்குது, பார்ப்போம்" என்பார். சீக்கிரம் போட்டால் சீக்கிரம் அடங்கும், முற்றவிட்டால் இரண்டு மூன்று நாள் படுக்கைதான். அலமாரியில் பத்திரமாக இருக்கும் ஊசியால் யாருக்கு என்ன லாபம், சொல்லு. தொண்டை விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. குரல் மாறினாலோ, எச்சில் முழுங்கச் சிரமமாக இருந்தாலோ ஊசியும் போடவேண்டும், உடனே ஆம்புலன்சையும் கூப்பிடவேண்டும். ஊசி போட்டாயிற்றே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடாது. மூச்சுக்குழாய் அடைத்தால் திறக்க ஆஸ்பத்திரியில்தான் முடியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டு வராமலே தடுக்கும் லானடெலுமாப் என்ற ஊசியும் இருக்கிறது. இவருக்கு அந்த அளவுக்கு அடிக்கடி வருவதில்லை.

கல்யாணத்துக்கு வரும்போது உன் ஃபிரிட்ஜில் கொஞ்சம் இடம் வேண்டும். இந்த மருந்து 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, உறையவும் கூடாது. லண்டனில் அலமாரியிலேயே கிடக்கும், கும்பகோணத்தில் அது நடக்காது. ஃப்ரீசர் பக்கமே வேண்டாம், கீழ்த்தட்டு போதும். போன தடவை மாமியார் ஊசிப் பெட்டியை மாவுத் தூக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார், வருகிறவர்கள் பார்த்து ஏதாவது நினைப்பார்களாம். விமானத்திலும் டாக்டர் கடிதத்தோடு கைப்பையில்தான் கொண்டுவருவோம்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மூத்தாருக்கும் அடிக்கடி உதடு வீங்குகிறதாம், போனில் அக்கா சொன்னார். சோதனை செய்துகொள்ளச் சொன்னால் "நம்ம பரம்பரை உடம்பு அப்படி" என்கிறார். போன மாசம் பிரஷருக்குப் புதிதாக மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். அது ராமிப்ரில், எனலாப்ரில் வகையாக இருந்தால் ஆபத்து. அந்த வகை பிராடிகைனினை இன்னும் ஏற்றிவிடும், இந்த வியாதிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு, அதனால் பயமுறுத்தி நிறுத்தச் செய்துவிடாதே. இவர் கூப்பிட்டால் தம்பிதானே என்று மூத்தார் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீ டீச்சர், உன்னிடம் எப்போதும் மரியாதை. பத்திரிகை கொடுக்கப் போகிற சாக்கில் மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பு. அந்த வகைதான் என்றால் மறுநாளே அவர் டாக்டரிடம் கூட்டிப்போய், குடும்பத்தில் இந்த வியாதி இருப்பதைச் சொல்லி வேறு மாத்திரை எழுதி வாங்கு. சி4 சோதனைக்கும் அப்போதே எழுதித்தரச் சொல். அதற்குள் தொண்டை ஏதாவது செய்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு என்று அக்காவிடமும் சொல்லிவை.

அன்புடன்,
வசந்தா