தையற்கடை அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எக்ஸ்ரே வந்துவிட்டது. மகளின் முதுகெலும்பு வளைவு (ஸ்கோலியோசிஸ்) கூடவில்லை. அதற்காக உடம்பைச் சுற்றி மாட்டும் பிரேஸ் தொடரும், ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு இல்லை. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக நன்றிக்கு வருகிறோம்.

முதல் நன்றி, மகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த தையற்கடை அக்காவுக்கு. டாக்டரை விட்டுவிட்டு டெய்லரா என்று கேட்பீர்கள். பிரேஸின் பலன் அதை மாட்டியிருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டிருந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறையாமல், வளர்ச்சி முடியும்வரை வளைவு, ஆபரேஷன் பேச்சு எழும் 50 டிகிரியைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் கழற்றிவிட்டால் இந்தக் கணக்கு உதைக்கும். கழற்றத் தூண்டுவது பல நேரம் வலிகூட இல்லை, துணிக்கு மேல் புடைத்துத் தெரியும் பக்கிள்தான்.

கடைகளில் துணியை நாலாக மடித்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். இடமும் வலமும் அச்சாக ஒன்றுபோல வரும். மேல்முதுகு வலப்பக்கம் வளைந்த பிள்ளைக்கு வலது தோள் ஏறியிருக்கும், வலது தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்தும். அப்படி ஒரே வெட்டாக வெட்டிய டாப்ஸ் அவளுக்குப் பின்பக்கம் வலதில் தூக்கிக்கொள்ளும், கழுத்து இடது பக்கம் சரியும், துப்பட்டா நிற்காது.

அக்கா துணியை மடிக்கவே இல்லை. பிரேஸை மாட்டச் சொல்லி, அதன் மேலேயே டேப் வைத்தார். இரண்டு தோளுக்கும் தனித்தனி அளவு. பின்பாகத்தின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டுத் தனியாக வெட்டினார். கீழ்விளிம்பை இடுப்பிலிருந்து அளக்காமல், தரையிலிருந்து மேலே அளந்து சாக்பீஸால் கோடு போட்டார். இடது தோளில் மட்டும் மெல்லிய பேட், கால் இஞ்சுக்குள். தோள் வித்தியாசம் முழுவதையும் பேடால் நிரப்பினால் கழுத்து இழுக்கும், பார்க்கவும் பொய்யாக இருக்கும் என்றார். பக்கிள் உரசும் இடத்தில் உள்ளே ஒரு துண்டு காட்டன் லைனிங். ஓவர்கோட்டை இடுப்பில் பிடிக்காமல் நேராக இறக்கினார்.

இத்தனைக்கும் நடுவில், முதுகைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்த அம்மாவை விட்டுவிட்டு, மகளைப் பார்த்து, “உனக்கு எது பாப்பா கண்ணுல படுது?” என்று கேட்டார்.

“முதுகை நான் எங்க பார்க்கிறேன் அக்கா? இடுப்புதான். ஒரு பக்கம் உள்ள போயி, ஒரு பக்கம் நேரா இருக்கு.”

பெற்றோர் பின்னால் நிற்கிறோம். குனிந்தால் எழும்பும் விலாப் புடைப்பு எங்கள் கண்ணுக்கு. பிள்ளைக்குத் தெரிவது முகம் பார்க்கும் கண்ணாடிதான்: தோள், இடுப்பு, பிரேஸின் விளிம்பு. தோற்றத்தைப் பற்றிப் படம் போட்டுக் கேட்கும் வினாத்தாளைப் பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று எனத் தனியாகவே வைத்திருப்பதும் இதனால்தான். எக்ஸ்ரே கோணமும் இதற்கு விடை சொல்லாது. ஒரே டிகிரி இருந்தாலும், மேலும் கீழும் எதிரெதிராக வளைந்த முதுகு வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஒற்றை வளைவு பளிச்சென்று காட்டிவிடும். இனிமேல் டாக்டர் அறையில் “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு மகள்தான் முதலில் பதில் சொல்வாள். நாங்கள் வாயைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

அக்குளில் உறுத்திய விளிம்பைச் சூடுகாட்டி மடக்கிக் கொடுத்த பிரேஸ் டெக்னீஷியன், எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திவிட்டு “அம்மா மட்டும் இருங்க” என்ற எக்ஸ்ரே எடுப்பவர், பிரேஸைக் கழற்றி மாட்ட ஓய்வறையைத் திறந்துவிட்ட பி.டி. மிஸ், பக்கத்து பெஞ்சுத் தோழிகள், எல்லோருக்கும் நன்றி. கல்யாணப் பேச்சை இப்போதே எடுத்த உறவினர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

பிரேஸ் போடும் மற்ற பிள்ளைகளுக்கும் தைத்துத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். பிரேஸை மாட்டிக்கொண்டே போங்கள். உள்ளே தையல் உடம்பில் படாதபடி திருப்பிப் போட்ட காட்டன் பனியன் இருக்கட்டும். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டியாகித் தோலைப் புண்ணாக்கும். மடிக்காமல் வெட்டுவதால் கால் மீட்டர் துணி கூட வேண்டும். பிரேஸ் மாற்றினால் பழைய அளவு உதவாது, மறுபடி அளக்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனில் கடையில் கூட்டம் தாங்காது, மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.