மூர்த்திக்கு, ஒரு பழைய என்ஜின் விஷயமாக

அன்புள்ள மூர்த்தி,

தீபாவளிக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன், பொங்கலும் போய்விட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

இந்த ஒஹையோக் குளிரில் கராஜில் நான் செய்துகொண்டிருக்கும் ஆர்வி-9ஏ விமானத்துக்கு இறக்கை, வால் எல்லாம் ஆகிவிட்டது. என்ஜின்தான் பாக்கி. புதுசு வாங்க வசதியில்லை. பழைய லைகமிங் ஓ-320 ஒன்று, 160 குதிரைசக்தி, விலைக்கு வந்திருக்கிறது. 1998-இல் ஓவர்ஹால் செய்தது. அப்புறம் 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஓவர்ஹாலுக்கு ஓவர்ஹால் 2,000 மணி வரை ஓடும் என்கிறது என்ஜினைச் செய்யும் லைகமிங் கம்பெனி, அதனால் மிச்சம் 1,700 மணிக்கும் சேர்த்து விலை சொல்கிறார் பெரியவர். அதே லைகமிங் 12 வருஷம் என்றும் ஒரு கெடு வைத்திருக்கிறது. அந்த வரி மட்டும் அவர் கண்ணில் படவில்லை போல.

இதில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இருப்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குக்கு மேலே. மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஆயில் வடிந்துவிடும், கேம்ஷாஃப்ட் துருப்பிடிக்கும். மறுபடி ஓட்டினால் அந்தத் துரு, கேம்ஷாஃப்ட்மேல் உரசும் டாப்பெட்டையும் சேர்த்துத் தின்னும். வாராவாரம் பறந்து 1,500 மணி ஓடிய என்ஜின் கிடைத்தால் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். இது ஹேங்கரில் தூங்கிய சரக்கு.

"கம்ப்ரஷன் 80-க்கு 78!" என்கிறார். சரி, ரிங்கும் வால்வும் காற்றைப் பிடிக்கின்றன. கேம்ஷாஃப்ட்டைப் பற்றி அந்தச் சோதனை மூச்சே விடாதே! ஒரு சிலிண்டரையாவது கழற்றினால்தான் தெரியும் என்றால், கைவைக்க விடமாட்டேன் என்கிறார். ராசு அண்ணன் அம்பாசிடர் விற்ற கதைதான்டா.

லாக்புக்கில் இன்னொன்று. 2006-இல் புது புரொப்பெல்லர் மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று ஒரு வரி இல்லை. என்ஜின் லாக்புக்கில் அந்த மாதமே காலி. ஓடும்போது புரொப்பெல்லர் தரையில் இடித்தால் என்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது லைகமிங். கேட்டால், "முந்தைய ஓனருக்குத்தான் தெரியும்" என்கிறார். உன் லாரி நின்றுபோனால் ஓரங்கட்டலாம் மூர்த்தி. இந்த என்ஜினுக்குப் பின்னால் என் பக்கத்தில் மீனா உட்காரப் போகிறாள்.

அதனால், முழு ஓவர்ஹாலுக்குப் போகிற என்ஜினுக்கு என்ன விலையோ அதைத்தான் சொல்லியிருக்கிறேன். என் செலவில் சிலிண்டரைக் கழற்றவிட்டு, உள்ளே சுத்தமாக இருந்தால் கூட்டித் தருகிறேன் என்றேன். யோசிக்கிறாராம்.

ஒத்துக்கொண்டால் போட்டோ அனுப்புகிறேன். டாப்பெட் முகத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரிந்தால் நீ என்ன செய்வாய்? நடுராத்திரி என்றாலும் பார்த்துச் சொல்லிவிடு.

உன்,
சேகர்