ஞாயிறு எழுத்தறிவு வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல், ஆண்டு விருந்து இரண்டும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தை ஞாயிறு வகுப்புக்கே ஒதுக்கிக்கொள்கிறேன், இந்த வருடம் என் மனசு முழுக்க அங்கேதான் இருந்தது.

"சிங்கப்பூரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள், இந்த வகுப்பு எதற்கு?" என்று நம்மில் சிலரே கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.1 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர்கள். 1957இல் அது ஏறக்குறைய பாதிதான். பள்ளிகளை வேகமாகக் கட்டியது, 1960இல் பெரியவர்களின் கல்விக்கென்றே ஒரு வாரியம் அமைத்தது, 1983இல் ஊழியர்களுக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரத் திட்டம் தொடங்கியது என்று அரசாங்கம் விடாமல் செய்த வேலை அது. ஆனால் அந்த 97.1, குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணியது. வேலை அனுமதியில் வந்து தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் தம்பிகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. மிச்சமுள்ள அந்தச் சின்னப் பங்கில் இருப்பவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள், நம் புளோக்கில் இருக்கும் பாட்டிமாரைப் போல. இந்த இரண்டு கூட்டத்துக்கும்தான் நம் வகுப்பு.

முதல் மாதம் அ, ஆ என்று தொடங்கினோம், பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அப்புறம்தான் புத்தி வந்து, என்ன படிக்க ஆசை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். தம்பிகள் சம்பளச் சீட்டைக் காட்டினார்கள், ஓவர்டைம் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறது என்று தாங்களே பார்க்க வேண்டுமாம். ஒரு பாட்டி தமிழ் முரசில் வரும் இரங்கல் அறிவிப்பைப் படிக்க வேண்டும் என்றார், கூட வேலை பார்த்தவர்கள் யார் போனார்கள் என்று ஒவ்வொரு முறையும் பேரனைக் கேட்க வேண்டியிருக்கிறதாம். சரி, அதுவே பாடமாயிற்று. நடுவில் நாம் வாடகைக்கு எடுத்திருந்த அறை திடீரென்று கிடைக்காமல் போனபோது கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து நடத்தினோம், அந்த மாதம் ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் சொன்னதை உங்களோடு பகிர வேண்டும். அவருடைய அம்மா 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுதக் கற்றவர், அப்போதே சைக்கிள் ஓட்டவும் பழகியவர். ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்த காலம் அது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். இந்தியாவில் 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, எர்ணாகுளம் மாவட்டமும் 1991இல் கேரளம் முழுவதும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டு, தொண்டர்களின் உழைப்பால் தமிழ்நாட்டிலும் அது அறிவொளி என்ற பெயரில் பரவியது. 1999இல் யுனெஸ்கோ தன் எழுத்தறிவுப் பரிசு ஒன்றை அந்தத் தேசிய இயக்கத்துக்கே கொடுத்தது. அந்த அம்மாவுக்கோ வகுப்பு முடிந்த பிறகு படிக்க எதுவும் கைக்கு வரவில்லை. சில வருடத்தில் எழுத்து மறந்து கையெழுத்து மட்டும் மிஞ்சியது. சைக்கிள் மட்டும் மறக்கவில்லை, தினம் ஓட்டினார் அல்லவா?

2000இல் செனகல் நாட்டின் டாக்கரில் உலகக் கல்வி மாநாட்டுக்குக் கூடிய நாடுகள் 2015க்குள் பெரியவர்களின் எழுத்தறிவை 50 விழுக்காடு மேம்படுத்துவோம் என்று உறுதி சொன்னன, உலக அளவில் அது நிறைவேறவில்லை. இன்றும் 70 கோடிக்கும் அதிகமான பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். மாநாடுகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவை இல்லாவிட்டால் பணமும் பாடநூலும் வராது. ஆனால் சான்றிதழ் கொடுத்த அன்றோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம், அதற்கு அடுத்த வருடம் அவர் எதைப் படிக்கிறார் என்று பார்ப்பதில்லை. நம் வகுப்பும் அந்தத் தவற்றைச் செய்யக்கூடாது.

செப்டம்பர் 8, அனைத்துலக எழுத்தறிவு தினத்தையொட்டி எல்லோரும் ஊருக்குக் கடிதம் எழுதினோம். அந்தத் தம்பி பெரிய பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதி அம்மாவுக்கு அனுப்பினார். கடிதம் போய்ச் சேர்ந்த ஞாயிறன்று வகுப்பிலிருந்தே போன் போட்டார். அவர் அம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்க, நாங்கள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது பத்தியில் அவரே திருத்தினார், "மழை"க்கு இந்த "ளை" இல்லையப்பா என்று.

அடுத்த ஆண்டுக்கு என் வேண்டுகோள் இரண்டு. முடித்தவர்களுக்கு மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம், தேக்காவுக்குப் பக்கத்தில், தம்பிகள் நடந்தே வரக்கூடிய இடத்தில். அப்புறம், ஞாயிறு காலை பாட்டிமாரோடு உட்கார இன்னும் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்